மூன்று மணிக்கே ஏன் வரிசை? பெத்லகேம் சாவடியில் பார்வையாளர்கள் பார்ப்பது

கேள்வி இதுதான்: ‘பெத்லகேமிலிருந்து ஜெருசலேமுக்கு வேலைக்குப் போகும் பாலஸ்தீனர்கள் ராணுவச் சோதனைச் சாவடியைக் கடப்பதைப் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாமே? அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள்? பார்த்து என்ன ஆகப்போகிறது?’

கடைசி வாக்கியத்தில் இருக்கும் அலுப்பு எனக்குப் புரிகிறது. அங்கே போய் நிற்கும்வரை எனக்கும் அதே அலுப்புதான். ஆனால் கேள்விகளை வரிசையாகவே எடுத்துக்கொள்வோம்.

நான் அங்கே போனது யாத்திரைக்காரனாக. தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ குழுக்கள் புனித நாட்டுக்குப் போகின்றன; அதற்கு அரசு மானியமும் உண்டு. 2016 தவக்காலத்தில் போன ஒரு குழுவில் நானும் இருந்தேன். ஜெருசலேமைவிடப் பெத்லகேமில் ஓட்டல் கட்டணம் குறைவு என்பதால் எங்களை அங்கேதான் தங்கவைத்தார்கள். அதனால் ஜெருசலேமுக்குப் போகும்போதும் வரும்போதும் எங்கள் பஸ் அந்தச் சாவடியைக் கடந்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் துப்பாக்கி மாட்டிய ஒரு பையன், பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும், ஏறி முன்வரிசைகளை நோட்டமிட்டுவிட்டுக் கையசைத்து இறங்கிப்போவான். ஒருமுறை ஏறவே இல்லை. நாங்கள் ஜெபமாலையின் அடுத்த பத்துமணியைத் தொடங்கியிருந்தோம். அது முடிவதற்குள் ஜெருசலேம் எல்லைக்குள் இருந்தோம். இரண்டு ஊர்களுக்கும் நடுவே பத்து கிலோமீட்டர்கூட இல்லை.

எங்கள் ஓட்டலில் இரவு வேலை பார்த்தவர்தான் சொன்னார், இந்த ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குச் சாவடிப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று. ஞாயிறு ஏன் என்று கேட்டேன். இஸ்ரேலில் வாரத்தின் முதல் வேலைநாள் ஞாயிறு. சனிக்கிழமை ஓய்ந்துகிடந்த கட்டட வேலைகள் எல்லாம் அன்று ஒன்றாகத் தொடங்கும். வாரத்திலேயே நீளமான வரிசை அன்றைக்குத்தான்.

ராணுவக் கணக்கில் அந்த இடத்தின் பெயர் 300-ஆம் எண் சாவடி. பழைய ஹெப்ரான் சாலையில், ராகேலின் கல்லறைக்கு அருகில், இஸ்ரேல் எழுப்பிய எட்டு ஒன்பது மீட்டர் உயரக் கான்கிரீட் பிரிவுச் சுவரை ஒட்டி இருக்கிறது. அரபியில் சோதனைச் சாவடிக்கு ஹாஜிஸ் என்று சொல் இருக்கிறது. ஆனாலும் தொழிலாளர்கள் வாயில் வருவது பெரும்பாலும் மஹ்சோம் என்ற எபிரேயச் சொல்தான்; அதற்கு அரபி இலக்கணப்படி பன்மைகூடச் செய்து வைத்திருக்கிறார்கள். இஸ்ரேலிய நிர்வாகமோ அந்தச் சொல்லையே கைவிட்டுவிட்டு, கடவுப்பாதை என்று பொருள்படும் வேறொரு சொல்லை அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டது. 2005-இல் இந்த இடம் பெரிய முனையக் கட்டடமாக ஆனபோது, இஸ்ரேல் சுற்றுலா அமைச்சகம் பக்கத்துச் சுவரில் ஒரு பிரம்மாண்டமான பதாகையைத் தொங்கவிட்டது. ‘உங்களுக்குச் சமாதானம்’ என்று மூன்று மொழிகளில். அந்தச் சுவரின் மேல் அந்த வாசகத்தை மாட்டச் சொன்னவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா, இல்லவே இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு அங்கே நல்ல குளிர். முதலில் காதில் விழுந்தது வேன்களின் கதவுச் சத்தம். ஹெப்ரான் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து வரும் வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டே இருந்தன. இறங்கியவர்கள் நடக்கவில்லை, ஓடினார்கள். பத்துப் பேருக்கு முன்னால் போய் நின்றாலும் அது லாபம். பாதையோரம் தள்ளுவண்டிகளில் ஏலக்காய் போட்ட காபி, தேநீர், எள் தூவிய ரொட்டி, ஃபலாஃபெல். ஒரு காபிக்காரர் என்னைப் பார்த்து ‘ஹிந்தி?’ என்று கேட்டார். அரபியில் அதற்கு இந்தியன் என்றுதான் பொருள். ஒரு தமிழன் அந்தக் கேள்விக்கு மறுப்பே இல்லாமல் தலையாட்டியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். காசு வாங்க மறுத்துவிட்டார்.

சுவரை ஒட்டி ஒரு நீண்ட நடைபாதை. ஒரு பக்கம் கான்கிரீட், மறுபக்கம் இரும்புக் கம்பிகள், மேலே தகரம். அகலம் இரண்டு மூன்று பேர் நிற்குமளவு. அதற்குள் ஐந்து ஆறு பேராக நின்றிருந்தார்கள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் மதியச் சாப்பாடு. நெருக்கடி தாங்காத இளைஞர்கள் கம்பியில் ஏறி, நிற்பவர்களின் தலைக்கு மேலே, பல்லியைப் போலச் சுவரைப் பற்றிக்கொண்டு முன்னேறினார்கள். கீழே நிற்பவர்கள் திட்டினார்கள். திட்டியவர்களில் ஒருவரே சிறிது நேரத்தில் ஏறினார். வயதானவர்கள் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றார்கள், மூச்சுக்கு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு.

பாதையின் முடிவில் ஆளுயரச் சுழல் கதவு. நம்மூர் மெட்ரோ நிலையத்தில் இடுப்பளவு இருக்கிறதே, அதுவல்ல; தரையிலிருந்து தலைக்கு மேல்வரை இரும்புக் கரங்கள். எதிரே தெரியாத ஓர் அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தினால் சுழலும், விட்டால் நின்றுவிடும். பாதி சுழலும்போது நின்றால், உள்ளே இருப்பவர் பையோடு அந்த முக்கோணத்துக்குள் நிற்க வேண்டியதுதான். இந்தச் சுழல் கதவுகளின் கரங்கள் இஸ்ரேலுக்குள் வழக்கமாக 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சாவடிகளுக்கு 55 சென்டிமீட்டரில் செய்து தரும்படி ராணுவம் கேட்டது என்று இஸ்ரேலியக் கண்காணிப்பாளர்களே கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள். உடம்போடு உரசி அழுத்தினால்தான் சட்டைக்குள் ஒன்றுமில்லை என்று தெரியுமாம். கர்ப்பிணிகளும் பருத்தவர்களும் குழந்தையைத் தூக்கியவர்களும் அதில் சிக்கியதும் அவர்கள் குறிப்புகளில்தான் இருக்கிறது.

நான்கு மணி வாக்கில் பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த கூட்டம் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. சிறிது நேரத்தில் சிவப்பு விளக்கு. எத்தனை நிமிடத்துக்கு என்று யாருக்கும் தெரியாது. இதற்கிடையில் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டது. வரிசையைவிட்டு வெளியே வந்து, அட்டையை விரித்துத் தொழுதுவிட்டு, இழந்த இடத்தை இழந்ததாகவே விட்டுவிட்டு வால் பகுதியில் போய் நின்ற சிலரைப் பார்த்தேன்.

கதவைத் தாண்டினால் முடிந்துவிடவில்லை. வெட்டவெளியைக் கடந்து முனையக் கட்டடத்துக்குள் போக வேண்டும். அங்கே இரண்டாவது வரிசை: பெல்ட்டைக் கழற்றிப் பையோடு எக்ஸ்ரே இயந்திரத்தில் வைத்து, உலோகம் கண்டறியும் வாசலில் நுழைய வேண்டும். பிறகு மூன்றாவது வரிசை: தடித்த கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் காவலரிடம் அடையாள அட்டையும் இஸ்ரேலில் வேலை பார்ப்பதற்கான அனுமதியும் காட்டி, கருவியில் கையை வைக்க வேண்டும். சிமெண்டும் சுண்ணாம்பும் தின்ற விரல்கள். ரேகை எளிதில் ஏறாது. துடைத்து, எச்சில் தொட்டு, மறுபடி வைத்து, மறுபடி. பின்னால் இருப்பவர்கள் ஜன்னலை மாற்றுவார்கள். கூட்டம் அங்கிருந்து இங்கே அலையும்.

இப்போது பார்வையாளர்களிடம் வருகிறேன். சுழல் கதவுப் பக்கம் இரண்டு வெளிநாட்டினர் நின்றிருந்தார்கள். மேலங்கி, கையில் எண்ணும் சின்னக் கருவி. ஆள் கடக்கக் கடக்கக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். உலகத் திருச்சபைகள் மன்றம் ஜெருசலேம் சபைத் தலைவர்களின் வேண்டுகோளை ஏற்று 2002-இல் தொடங்கிய திட்டம் அது. பல நாடுகளிலிருந்து தன்னார்வலர்கள் வந்து மூன்று மாதம் தங்கி, சாவடிகளிலும் கிராமங்களிலும் கூடவே இருந்துவிட்டுப் போவார்கள். இதற்கு முன்பே, 2001-இல், இஸ்ரேலியப் பெண்கள் சிலர் மஹ்சோம் வாட்ச் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். பெண்கள் மட்டும். பெரும்பாலும் நடுவயதைத் தாண்டியவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். காலையிலும் மாலையிலும் முறைவைத்துப் போய் நிற்பார்கள், பார்த்ததை எழுதி வெளியிடுவார்கள். சாவடியில் நிற்கும் சிப்பாய் அவர்களுடைய மகன் வயதுடையவன். சில சமயம் அந்த அம்மாவின் பக்கத்துத் தெருக்காரனாகவே இருப்பான்.

இவர்கள் குறிப்பது மிகச் சாதாரண விஷயங்கள். கதவு திறந்தது எத்தனை மணிக்கு. ஆறு மணிக்குள் எத்தனை பேர் கடந்தார்கள். ஜன்னல்களில் எத்தனை திறந்திருந்தன. வயதானவர்கள், பெண்கள், நோயாளிகளுக்கான தனி வாசல், அதை மனிதாபிமான வாசல் என்று அழைக்கிறார்கள், எப்போது திறந்தது, அல்லது திறக்கவே இல்லையா. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணம் சொல்லி. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு நாள் குறிப்பைப் படித்தால் ஒன்றும் இல்லைதான். நூறு நாள் குறிப்புகளை அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் பிடிபடும்.

அது இதுதான்: வரிசையை நீட்டியது சோதனை இல்லை. ஓர் ஆளுக்கான சோதனை எல்லாம் சேர்த்துச் சில நிமிடங்கள்கூட ஆகாது. எல்லா ஜன்னல்களும் நான்கு மணியிலிருந்தே திறந்திருக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ஐந்தரைக்கு வந்து ஆறு மணிக்கு வேன் ஏறலாம். ஆனால் இன்று இரண்டு ஜன்னலா ஆறு ஜன்னலா, சிவப்பு விளக்கு ஐந்து நிமிடமா நாற்பது நிமிடமா என்பது போய் நின்ற பிறகுதான் தெரியும். அந்தப் பக்கம் மேஸ்திரியின் வேன் ஆறரைக்குக் கிளம்பிவிடும். தவறவிட்டால் அன்றைய கூலி போயிற்று, இரண்டு முறை தவறவிட்டால் வேலையே போயிற்று. ஆகவே ஒவ்வொருவனும் மிக மோசமான நாளை மனத்தில் வைத்தே வீட்டைவிட்டுக் கிளம்புகிறான். எல்லோரும் அப்படிக் கிளம்பும்போது ஒவ்வொரு நாளும் மோசமான நாளாகவே ஆகிவிடுகிறது.

இதற்குச் சான்றை நான் மறுபக்கத்தில் பார்த்தேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு நானும் கடந்துபோனேன். ஜெருசலேம் பக்கம் சாலையோரத்தில், புல்லில், பஸ் நிறுத்தத்தில், நூற்றுக்கணக்கான ஆண்கள் அட்டைப் பெட்டிகளை விரித்துப் படுத்திருந்தார்கள். முதல் அலையில் கடந்தவர்கள். அவர்களுடைய வேன் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இரண்டு மணிக்கு எழுந்து, மூன்று மணிக்கு நின்று, நாலரைக்குக் கடந்து, ஆறரைவரை தரையில் கிடந்து, ஏழு மணிக்கு வேலை தொடங்கி, மாலை ஐந்து ஆறுக்குத் திரும்பி, எட்டு மணிக்குப் படுக்கை. பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, அவர்களோடு இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு மறுபடி தூங்குகிற அப்பாக்கள். திரும்பி வரும்போதும் அட்டையைப் பதிய வேண்டும். அனுமதியில் மணி குறிக்கப்பட்டிருக்கும், இரவு அங்கே தங்கினால் குற்றம்.

இந்தக் கூண்டுக்குள் நிற்கிறவர்கள் ஒருவகையில் கொடுத்துவைத்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கையில் அனுமதி இருக்கிறது. அனுமதிக்கு அரபியில் தஸ்ரீஹ்; அது அங்கே வீட்டுப் பெண்களும் குழந்தைகளும்கூடத் தினமும் உச்சரிக்கும் சொல். குறிப்பிட்ட வயதைத் தாண்டியிருக்க வேண்டும், பெரும்பாலும் மணமாகியிருக்க வேண்டும், கைரேகை விவரங்கள் பதிந்த காந்த அட்டை வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உளவுத் துறையான ஷின் பெத்தின் தடைப்பட்டியலில் பெயர் இருக்கக் கூடாது. ஏன் தடை என்று சொல்ல மாட்டார்கள். மம்னூஃ, தடுக்கப்பட்டவர், அவ்வளவுதான். பலருக்குத் தங்கள் பெயர் பட்டியலில் ஏறியதே ஜன்னலில் அட்டையை நீட்டியபோதுதான் தெரியவரும். மஹ்சோம் வாட்ச் பெண்களில் ஒரு குழுவினர் இப்படிப்பட்டவர்களுக்காக மனு எழுதுவதையே வேலையாக எடுத்துக்கொண்டார்கள். பலருடைய தடை மனு போட்டதும் நீங்கியது. நீங்கியதுதான் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு கடிதத்தில் கரைகிற ஆபத்து, அதுவரை எப்படி ஆபத்தாக இருந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்குச் சரியான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்தது தரகு. நீண்ட காலமாக அனுமதி தொழிலாளியின் பெயரில் இருந்தாலும் முதலாளியோடு கட்டப்பட்டிருந்தது. முதலாளியை மாற்றினால் அனுமதி செல்லாது. இதனால் அனுமதியே விற்பனைப் பொருளாயிற்று: ஒதுக்கீடு வைத்திருக்கும் முதலாளி அதைத் தரகருக்கு விற்பார், தரகர் தொழிலாளிக்கு விற்பார். மாதத்துக்கு 2,000 முதல் 2,500 ஷெக்கல் (இஸ்ரேலிய நாணயம்) என்பது அங்கே எல்லோரும் அறிந்த விலையாக இருந்தது. நாளொன்றுக்கு 300 ஷெக்கல் சம்பாதித்த கொத்தனாருக்கு அது மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அப்படியும் போனார்கள். ஏனென்றால் பெத்லகேமும் அடங்கிய பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்குள் கிடைத்த சராசரிக் கூலி இதில் பாதிகூட இல்லை. 2020 இறுதியில் கட்டடத் துறையில் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை தரும் சீர்திருத்தம் வந்தது. தரகர்கள் தொழிலை மூடிவிடவில்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1967 போரில் மேற்குக் கரையையும் காஸாவையும் இஸ்ரேல் பிடித்த பிறகு, 1972-இல் பொது அனுமதி ஒன்றைக் கொடுத்து எல்லோரும் உள்ளே போய்வர விட்டது. கட்டட வேலைக்கும் வயல் வேலைக்கும் மலிவான ஆள் தேவைப்பட்டது. சொந்தக் காரில் டெல் அவீவ் கடற்கரைக்குப் போய் மீன் பொரியல் சாப்பிட்டு வந்த கதையை அங்கே அறுபது வயதைத் தாண்டிய எந்த மேஸ்திரியும் சொல்வார். அவருடைய மகன் அந்தக் கடலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். 1991 ஜனவரியில், வளைகுடாப் போரின்போது, பொது அனுமதி ரத்தானது. ஆளாளுக்குத் தனி அனுமதி என்று ஆயிற்று. 1993-இல் நிரந்தர மூடல்: தனி அனுமதி இல்லாத யாரும் உள்ளே நுழைய முடியாது. 2000-இல் இரண்டாவது இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீனர் எழுச்சி. 2002-இல் சுவர், பல இடங்களில் வேலி. திட்டமிட்ட நீளம் ஏறத்தாழ 712 கிலோமீட்டர். அதில் 85 சதவீதம் இஸ்ரேலின் 1967-க்கு முந்தைய எல்லையில் இல்லை, மேற்குக் கரையின் உள்ளே ஓடுகிறது. 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் இது சட்டவிரோதம் என்று கருத்துரை வழங்கியது. சுவர் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

இஸ்ரேல் தரப்பு வாதத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2001-க்கும் 2004-க்கும் இடையில் பஸ்களிலும் உணவகங்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. நூற்றுக்கணக்கான பொதுமக்கள் செத்தார்கள். அந்த ஆண்டுகளில் ஜெருசலேமில் பிள்ளையைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த தாய்க்குச் சுவரும் சாவடியும் வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. சோதனை ஏன் என்பதற்கு அது விளக்கம். பத்து ஜன்னலில் இரண்டை மட்டும் ஏன் திறந்தார்கள் என்பதற்கு விளக்கம் ஆகாது. அதோடு, பல ஆண்டுகள் பத்தாயிரக்கணக்கானோர் வேலியிலிருந்த ஓட்டைகள் வழியாக அனுமதியே இல்லாமல் தினமும் வேலைக்குப் போனார்கள். ராணுவத்துக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். அனுமதி பெற்று, விரல் ரேகை கொடுத்து, ஆபத்தில்லாதவன் என்று முத்திரை வாங்கியவன்தான் கூண்டுக்குள் நசுங்கினான். நசுங்கினான் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. 2014 ஜனவரியில், மேற்குக் கரையின் வடமேற்கில் துல்கரம் அருகிலுள்ள சாவடியில், ஐம்பதைத் தாண்டிய ஒரு தொழிலாளி விடியற்காலை நெரிசலில் உயிரிழந்தார்.

2019-இல் நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். ஜெருசலேமுக்கு வடக்கே உள்ள கலந்தியாவிலும் பெத்லகேமிலும் சாவடிகளைப் புதுப்பித்தார்கள். அட்டையை வைத்து, கேமராவைப் பார்த்தால் தானே திறக்கும் கதவுகள் வந்தன. மணிக்கணக்கில் நின்றவர்கள் நிமிடக் கணக்கில் கடந்தார்கள். தொழிலாளர்களுக்கு நிம்மதிதான், அதை மறுத்துப் பேசுவது, தூங்கக் கிடைத்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியாதவர்களுக்கே முடியும். அதே சமயம் ஒவ்வொருவர் முகமும் அவர்கள் சம்மதம் கேட்காமல் ராணுவத் தரவுக் கிடங்கில் சேர்ந்தது. அந்த முக அடையாளத் தொழில்நுட்பத்தைத் தந்த இஸ்ரேலிய நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த மைக்ரோசாஃப்ட், கண்டனங்கள் எழுந்த பின் 2020-இல் பங்கை விற்று வெளியேறியது. எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஒரு தொகையை ஒதுக்கி, சில மாதம் வேலை செய்தால் வரிசையை ஒழிக்க முடியும் என்றால், அதற்கு முந்தைய பதின்மூன்று பதினான்கு ஆண்டுகள் ஒவ்வொரு விடியலும் அந்த ஆண்கள் கம்பியில் தொங்கியது எந்தப் பாதுகாப்புக்காக?

இனி, பார்த்து என்ன ஆகப்போகிறது என்ற கேள்வி. சிறிய பயன்கள் உண்டு. அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மனிதாபிமான வாசல் மூடியிருந்தால் பார்வையாளர் போனில் அதிகாரியைக் கூப்பிடுவார். பல நாள் திறக்காது, சில நாள் திறக்கும். திறந்த நாளில் சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகும் ஒரு கிழவர் நேரத்துக்குப் போய்ச் சேர்வார். சிப்பாய்கள் குரலைச் சற்றுத் தாழ்த்துவார்கள் என்று தொழிலாளர்களே சொன்னார்கள். எண்ணிக்கைகள் ஐ.நா. அலுவலகங்களுக்கும் செய்தியாளர்களுக்கும் போகும்.

ஆனால் அந்தப் பெண்களுக்குள்ளேயே பல ஆண்டுகளாக ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. நாம் நிற்பதால் சாவடி கொஞ்சம் ஒழுங்காக நடக்கிறது. ஒழுங்காக நடக்கும் சாவடி நிலைத்துவிடாதா? நாம் எதிர்க்க வந்த ஒன்றுக்கு நாமே எண்ணெய் போடுகிறோமா? ‘சாவடியே கூடாது’ என்று சொல்ல வந்தவர்கள் ‘இன்னொரு ஜன்னலைத் திற’ என்று கேட்டுக்கொண்டிருப்பதில் முடிந்துவிட்டோமா? இதைப் படித்தபோதுதான் அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. தான் செய்யும் தருமத்தைத் தானே சந்தேகிப்பது எளிதான காரியம் இல்லை. நின்றவர்கள் தொடர்ந்து நின்றார்கள், சந்தேகத்தோடுதான் நின்றார்கள்.

என் அனுபவத்தை வைத்து ஒன்று சொல்லலாம். வரிசையில் நின்றவர்களில் சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் போட்டோ எடு என்றார்கள், ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மூன்றாமவரைத்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். கம்பிக்குள் நிற்கும் தன்னை வெளியே நின்று ஒருவன் பார்ப்பதை அவர் விரும்பவில்லை. காபிக் கோப்பையோடு நின்ற எனக்கு அது உடனே புரியவில்லை. புரிந்தபின் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். கடக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜன்னலில் பாஸ்போர்ட்டைப் பார்த்த காவலர் பெண், இந்த வழியில் ஏன் வந்தீர்கள், சுற்றுலாப் பயணிகள் பஸ்ஸில் அல்லவா போவார்கள் என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

இன்றைய நிலைமை வேறு. 2023 அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் தாக்குதலுக்குப் பிறகு மேற்குக் கரைத் தொழிலாளர்களின் அனுமதிகள் ஒரே நாளில் நிறுத்தப்பட்டன. அதற்கு முன் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் அனுமதியோடு இஸ்ரேலிலும், மேற்குக் கரையில் இஸ்ரேலியர்கள் அமைத்த குடியேற்றங்களிலும் வேலை பார்த்தார்கள். மேற்குக் கரையில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் கூலி அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. பின்னர் சில ஆயிரம் பேருக்கு மட்டும் கதவு திறந்தது. இஸ்ரேலியக் கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்த இடத்தை நிரப்பக் கூப்பிடப்பட்டவர்களில் நம் நாட்டவரும் உண்டு. 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்புவதற்கான ஒப்பந்தம் 2023 மே மாதமே ஆகியிருந்தது. அதில் 34,000 இடங்கள் கட்டட வேலைக்கு. 2024 தொடக்கத்தில் ஹரியானாவிலும் உத்தரப் பிரதேசத்திலும் கொத்து, கம்பி கட்டுதல், டைல்ஸ் பதித்தல் ஆகியவற்றில் தேர்வு நடந்தபோது, மாதம் 1.37 லட்சம் ரூபாய் சம்பளம் என்று கேள்விப்பட்டு இளைஞர்கள் குளிரில் வரிசையில் நின்ற படங்களைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாருடைய மட்டப்பலகையைக் கையில் எடுக்கப்போகிறோம் என்பது அந்த வரிசையில் நின்ற எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

சாவடிகள் குறையவில்லை. மேற்குக் கரைக்குள் நடமாட்டத்தைத் தடுக்கும் சாவடிகள், கேட்டுகள், மண்மேடுகளின் எண்ணிக்கையை ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2023-இல் 645 என்று கணக்கிட்டது. 2025 தொடக்கத்தில் 849. தொழிலாளர்கள்தான் வேறு வழிக்குப் போய்விட்டார்கள். ஜெருசலேமுக்கு வடக்கே, அர்ராம் பக்கம், இருட்டில் சுவரின்மேல் ஏணியைச் சாத்தி ஏறி, மறுபக்கம் கயிற்றில் இறங்குகிறார்கள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போகிறது. காலில் சுடப்பட்டவர்கள் இருக்கிறார்கள், விழுந்து செத்தவர்களும் இருக்கிறார்கள். அங்கே பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ கிடையாது. எண்ணும் கருவியோடு பக்கத்தில் நிற்கவும் யாரும் இல்லை.